லெஃப்ட் பேக் இல்லையா? காசு கொடுத்து அடைக்காதீங்க தம்பி

ராத்திரி கிளினிக் முடிஞ்சதும் நான் கொஞ்ச நேரம் ஃபுட்பால் மேனேஜர் கேம் ஆடுவேன்னு இங்க பல தம்பிகளுக்குத் தெரியும். அதனால காய்ச்சல், சுகர், பிபி சந்தேகங்களுக்கு நடுவுல இப்படியும் கேள்வி வருது.

"சார், லெஃப்ட் பேக் ரெண்டு பேருக்கும் காயம். நாளைக்கு கப் மேட்ச். காசு போட்டு ட்ரீட்மெண்ட் பேக் வாங்கவா, இல்ல ஏலத்துல புது ஆள எடுக்கவா?"

என் பதில்: ரெண்டும் வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு. கேம் ஆடாதவங்களும் படிங்க. குறிப்பா பிள்ளைங்க கையில போனைக் கொடுத்துட்டு வேலை பார்க்குற அம்மாக்கள், மாசாமாசம் வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்புற அப்பாக்கள். கடையநல்லூர்ல இந்த ரெண்டு வகையும் தெருவுக்குப் பத்து வீடு இருக்கும்.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

இதுல நாம பந்தை உதைக்க மாட்டோம். நாம தான் பயிற்சியாளர், நாம தான் மேனேஜர். யாரை வாங்கணும், யாரை விக்கணும், யாருக்கு என்ன பயிற்சி, நாளைக்கு எந்தப் பதினோரு பேர் இறங்கணும்னு முடிவு பண்றது மட்டும் நம்ம வேலை. மேட்சை கம்ப்யூட்டர் ஆடும். கல்யாண வீட்டுல சமையல் பண்ணாம, பரிமாறாம, பந்தி சரியா நடக்குதான்னு பார்த்துக்கிட்டு நிக்கிற தாய்மாமன் வேலை மாதிரி.

இதுல பெரிய ஆட்டம் இங்கிலாந்துல உருவான 'ஃபுட்பால் மேனேஜர்'. 1992-ல் காலியர் சகோதரர்கள் வெளியிட்ட 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' தான் அதோட பூர்வீகம். அதுல இருக்கிற வீரர்கள் பத்தின தகவல் எவ்வளவு கனமானதுன்னா, 2008-ல் எவர்ட்டன் கிளப்பே ஆள் தேடுறதுக்கு அந்தத் தகவல் தொகுப்பைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. சுவீடன்ல 1997-ல் ஆரம்பிச்ச 'ஹாட்ரிக்' இணையத்துல மட்டும் ஆடுறது, நிஜ மனுசங்களோட அணிகளை எதிர்த்து ஆடலாம். அப்புறம் 2010-க்குப் பிறகு போன்ல வந்த ஆட்டங்கள். 'டாப் லெவன்' அதுல ரொம்பப் பிரபலம். மொரின்யோவோட முகத்தை வச்சு விளம்பரம் பண்ணாங்களே, அதே தான்.

எல்லா ஆட்டத்துலயும் ஒரே தலைவலி: அணியில ஓட்டை விழுறது.

இருபது, இருபத்தைந்து பேர் வச்சிருப்போம். ஒருத்தனுக்குத் தொடைத் தசை பிடிக்கும். ஒருத்தன் சிவப்பு அட்டை வாங்குவான். ஒருத்தனுக்கு முப்பத்துநாலு வயசாகி ஓட்டம் குறையும். ஒருத்தன் ஒப்பந்தம் முடிஞ்சு போயிருவான். பார்த்தா நேத்து வரைக்கும் நிறைஞ்சிருந்த பட்டியல்ல இன்னிக்கு ஒரு இடம் காலி. பெரும்பாலும் அது லெஃப்ட் பேக்கா தான் இருக்கும். காரணம் சாதாரணம். இடது காலால நல்லா ஆடுறவங்க உலகத்துலயே கம்மி, சுமாரா அஞ்சு பேருக்கு ஒருத்தர். அந்த ஒருத்தரையும் விங்குல, மிட்ஃபீல்டுல போட்டுருவாங்க. கடைசியில பின்னால நிக்க ஆள் இருக்காது.

சரி, ஓட்டையை எப்படி அடைக்கிறது? காசில்லாம அடைக்க வழி எப்பவுமே இருக்கு.

இருக்கிற ஆளை மாத்தி நிறுத்தலாம். இடது பக்க மிட்ஃபீல்டர் ஒருத்தன் உங்ககிட்ட சும்மா உக்காந்திருப்பான். ஃபுட்பால் மேனேஜர்ல அவனுக்குப் புது இடத்துல பயிற்சி கொடுத்தா சில மாசத்துல பழகிருவான். முதல் நாலு மேட்ச் திணறுவான். திணறட்டும். அடுத்த சீசன்ல அவன் ரெண்டு இடத்துக்கு ஆவான். எனக்கு இந்த வழி தான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா ஒருத்தனை ரெண்டு ஆளா ஆக்குற கணக்கு இதுல மட்டும் தான் உண்டு.

ஆட்ட முறையையே மாத்தலாம். பின்னால நாலு பேருக்குப் பதிலா மூணு பேர். லெஃப்ட் பேக்கே தேவைப்படாது. பல தம்பிகளுக்கு இது தோணவே தோணாது. "4-3-3 தான் சார் நம்ம ஸ்டைல்" என்பார்கள். வீட்டுல அரிசி இல்லைன்னா ராத்திரி கோதுமை தோசை சுடுறதில்லையா? அன்னிக்கு ஸ்டைல் பார்த்தா பட்டினி தான்.

வேற கிளப்ல பெஞ்சுல உக்காந்திருக்கிறவனை ஒரு சீசனுக்குக் கடனா வாங்கலாம். ஆனா ஒண்ணு, கடன் வாங்கின ஆள் திரும்பிப் போயிருவான். அவனுக்கு நீங்க கொடுக்கிற பயிற்சி எல்லாம் அடுத்தவன் வீட்டுக் கிணத்துக்கு இறைச்ச தண்ணி. அவசரத்துக்குச் சரி, பழக்கமாக்கக் கூடாது.

கடைசியா, இளையோர் அணி. ஃபுட்பால் மேனேஜர்ல வருசத்துக்கு ஒரு தடவை புதுப் பசங்க வருவாங்க. ஹாட்ரிக்ல பதினேழு வயசுப் பையனை மெயின் அணிக்குக் கூட்டிட்டு வரலாம். அங்க ஒரு அழகான விதி உண்டு. வாரத்துக்கு ஒரு வகைப் பயிற்சி தான் தேர்ந்தெடுக்க முடியும், அதுவும் அந்த இடத்துல மேட்ச் ஆடினவனுக்குத் தான் பலன் கிடைக்கும். அதாவது பெஞ்சுல உக்கார வச்சு யாரையும் வளர்க்க முடியாது. ஆடவிட்டுத் தோத்து தான் வளர்க்கணும். அதுல சந்தா கட்டினா கூட சில வசதிகள் கிடைக்குமே தவிர, காசு கட்டினவன் அணி பலமாகாது.

"சார், இதுக்கெல்லாம் நேரம் ஆகுமே, நாளைக்கு மேட்ச்!"

ஆமா தம்பி. நாளைக்கு நீ தோக்கலாம்.

இதைச் சும்மா கேமுக்காகச் சொல்லல. இந்திய அணியைப் பாருங்க.

ஐ.எஸ்.எல் 2014-ல் ஆரம்பிச்சப்போ ஒரு அணி களத்துல 6 வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். 2017-18-ல் அது 5 ஆச்சு. 2021-22-ல் 4 ஆச்சு. கிளப்காரங்க என்ன பண்ணாங்க? கோல் அடிக்கிற இடத்துல வெளிநாட்டு ஆளைப் போட்டாங்க. அதுல தப்பு சொல்ல முடியாது. காசு போட்டவனுக்கு இந்த சீசன்லயே கோல் வேணும். நம்ம சென்னையின் எஃப்.சி-யே 2015-ல் கோப்பை ஜெயிச்சப்போ 13 கோல் அடிச்சு முதலிடத்துல இருந்தவர் கொலம்பியாவோட மெண்டோசா. நானும் கைதட்டினவன் தான்.

ஆனா கணக்குப் பாருங்க. 2014 தொடங்கி 2024-25 வரைக்கும் 11 சீசன். அதிக கோலுக்கான தங்கக் காலணி விருது ஒரு தடவை கூட இந்தியருக்குப் போகல. ஒரு தடவை கூட!

விளைவு? 2024 ஜூன் 6-ம் தேதி கொல்கத்தாவுல குவைத்துக்கு எதிரா ஆடிட்டு சுனில் சேத்ரி ஓய்வு பெற்றார். 151 மேட்ச், 94 கோல். அவர் இடத்துக்கு ஆளைத் தேடித் தேடிப் பார்த்துட்டு, 2025 மார்ச்சுல அவரையே திரும்பக் கூப்பிட்டாங்க. அப்போ அவருக்கு வயசு 40. வந்த முதல் மேட்ச்சுலயே மாலத்தீவுக்கு எதிரா கோல் அடிச்சார். அவரைப் பார்த்து சந்தோசப்படலாம். நாட்டைப் பார்த்து? நூத்தி நாப்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டுல ஒன்பதாம் நம்பர் சட்டை போட ஆள் இல்லாம, ஓய்வுபெற்றவரை வீட்டுக்குப் போய் எழுப்பிக் கூட்டிட்டு வந்தோம்.

அடுத்து நடந்தது நம்ம ஊர்க்காரங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். 2025 அக்டோபர் 14, கோவா மார்காவ். ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. சாங்டே முதல் கோல் அடிச்சார். அப்புறம் சிங்கப்பூர் ரெண்டு அடிச்சு 2-1னு ஜெயிச்சது. நாம வெளியே. சிங்கப்பூர்ல நம்ம கடையநல்லூர்க்காரங்களோட சங்கம் 1941-லயே ஆரம்பிச்சது. தாத்தா காலத்துல இருந்து அங்க வீடு வாசல்னு இருக்கிற குடும்பங்கள் இங்க எத்தனை! அன்னிக்கு ராத்திரி சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பக்கம் வாழ்த்து, ஒரு பக்கம் அழுகை.

அந்த ரெண்டு கோலையும் அடிச்சவர் சாங் உய் யங். கொரியாவுல பிறந்தவர். "பார்த்தீங்களா, அவன் வெளிநாட்டு ஆளை வாங்கி ஓட்டையை அடைச்சுட்டான்"னு உடனே சொன்னாங்க. அவர் சிங்கப்பூர் கிளப்ல சேர்ந்தது 2012-ல், பதினெட்டு வயசுப் பையனா. குடியுரிமை கிடைச்சது 2021-ல். ஒன்பது வருசம் அந்த மண்ணுல ஆடி வளர்ந்தவர். சிங்கப்பூர்க்காரன் வாங்கினது பொட்டலம் கிடையாது, பொறுமை. அதே சிங்கப்பூர் அடுத்த மாசம் ஹாங்காங்கையும் ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்கே போயிருச்சு.

வெளிநாட்டு வீரர்களே வேண்டாம்னு நான் சொல்லல. அவங்களோட ஆடித் தான் நம்ம தடுப்பாட்டக்காரங்க தேறினாங்கன்னு சொல்றவங்க வாதத்துல உண்மை இருக்கு. ஆனா ஒரே இடத்தை வருசா வருசம் காசு போட்டு நிரப்பினா, அந்த இடத்துக்குச் சொந்தமா ஆள் வளர மாட்டான். பதினோரு வருசம் நாம பார்த்தது இதைத் தான்.

இப்போ என் துறைக்கு வர்றேன். ட்ரீட்மெண்ட் பேக்.

போன்ல ஆடுற பல மேனேஜர் ஆட்டங்கள்ல மூணு வகைப் பொட்டலம் இருக்கும். களைப்பு போக்க ஒண்ணு, காயம் ஆத்த ஒண்ணு, மனசு தெம்புக்கு ஒண்ணு. தினமும் கொஞ்சம் இலவசமாவும் கிடைக்கும், விளம்பரம் பார்த்தாலும் கிடைக்கும். அது பத்தாதப்போ காசு. தசை கிழிஞ்சு நாலு நாள் படுக்கணும்னு இருக்கிறவன் மேல சிவப்புப் பொட்டலத்தை ஒரு தட்டு தட்டினா நாள் குறையும், இன்னும் ரெண்டு தட்டினா எழுந்து ஓடுவான்.

டாக்டரா இருந்துக்கிட்டு இதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும். பொறாமையும் வரும்.

ஆனா கவனிங்க. ஓட்டையை உண்டாக்குறதும் அதே ஆட்டம், அடைக்கிற சாந்தை விக்கிறதும் அதே ஆட்டம். எத்தனை மேட்ச்சுக்கு ஒரு காயம் வரணும்னு அவங்க தான் எழுதி வைக்கிறாங்க. பஞ்சர் கடைக்காரரே ரோட்டுல ஆணி போட்டா நாம சும்மா இருப்போமா?

காசை விட என்னை உறுத்துறது வேற. பதினாலு பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் கணுக்கால் வீங்கி வருவான். நம்ம பக்கத்துல ஞாயித்துக்கிழமை மைதானத்துல பந்து ஆடுறவன். காலை ஊனவே கஷ்டம். "சார், ஒரு ஊசி போடுங்க, சாயங்காலம் ஃபைனல் இருக்கு" என்பான். அவன் மட்டும் கேட்டா பரவாயில்ல. கூட வந்த அணித்தலைவனும் கேட்பான். "இவன் இல்லைன்னா ஆள் இல்ல சார்."

இது அப்படியே சிவப்புப் பொட்டலம் கேக்குறது தான். கேம் வந்து தான் இந்தப் புத்தி வந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஊசி போட்டா எல்லாம் சரியாகும்ங்கிற நம்பிக்கை நம்ம ஊர்ல கேமுக்கு முன்னாடியே உண்டு. ஆனா காயத்துக்கு நாள் கணக்கு உண்டுங்கிறதே தெரியாம ஒரு தலைமுறை வளர்ந்தா அதுக்கு இந்தப் பொட்டலமும் உரம் போடுது.

வலி ஊசின்னு நீங்க கேக்குறது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். அது கிழிஞ்ச நாரைத் தைக்காது. வலிங்கிற மணியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். மணி அடிக்கலைன்னு நீங்க ஓடுவீங்க, பாதி கிழிஞ்ச நார் முழுசா கிழியும். அதோட மதியம் மூணு மணி வெயில்ல, தண்ணி குடிக்காம, வேர்த்துக் கொட்டி ஆடுற உடம்புல இந்த மருந்து சிறுநீரகத்துக்கும் கெடுதல். வெறும் வயித்துல மாத்திரையா போட்டா இரைப்பை புண்ணாகும்.

நிஜ உடம்போட கணக்கு இது. கணுக்கால் லேசாப் பிசகினா ஒண்ணு ரெண்டு வாரம். நார் பாதி கிழிஞ்சா மூணுல இருந்து ஆறு வாரம். முழுசா கிழிஞ்சா சில சமயம் மூணு மாசம். முதல் ரெண்டு நாள் ஓய்வு, கட்டு, காலை உயர்த்தி வைக்கிறது. அதுக்கப்புறம் படுத்தே கிடக்கக் கூடாது, மெல்ல மெல்ல அசைக்கணும். அடிபட்ட உடனே நாலு அடி கூட எடுத்து வைக்க முடியலைன்னாலோ, கணுக்கால் எலும்பு முட்டுல தொட்டாலே உயிர் போற வலின்னாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். "நீவி விட்டாச்சு, சரியாயிரும்" வேண்டாம்.

முழங்கால்ல ஏ.சி.எல் நார் கிழிஞ்சு ஆபரேசன் பண்ணிக்கிட்டவங்க ஒன்பது மாசத்துக்கு முன்னாடி மைதானம் பக்கமே போகாதீங்க. நார்வே ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு சொல்றது: ஒன்பது மாசம் வரைக்கும், திரும்பி வர்றதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடும்போதும் மறுபடி காயம் படுற வாய்ப்பு பாதிக்குப் பாதி குறையுது. ஒரு மாசம் பொறுத்தா பாதி!

அந்த அணித்தலைவனுக்கு நான் சொல்றது: ஆள் குறைஞ்சா குறைஞ்ச ஆளோட ஆடு. கால்பந்து விதிப்படி ஏழு பேர் இருந்தாலே மேட்ச் ஆரம்பிக்கலாம். பத்து பேரோட ஆடித் தோத்தா அது ஒரு ஞாயித்துக்கிழமை. இவன் கால் போனா அது இவனோட வாழ்நாள்.

இனி காசு.

ஆன்லைன் விளையாட்டை அரசு தடை பண்ணிட்டாங்களே, இது எப்படி இன்னும் இருக்குன்னு சில பெற்றோர் கேக்குறாங்க. 2022 தமிழ்நாடு சட்டமும், 2025 ஆகஸ்டுல வந்த மத்திய சட்டமும் குறி வச்சது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டங்களை. நள்ளிரவு 12-ல் இருந்து காலை 5 வரை கூடாதுன்னு தமிழ்நாடு போட்ட கட்டுப்பாடும் அந்த வகைக்குத் தான். மேனேஜர் கேம்ல நீங்க எவ்வளவு கட்டினாலும் ஒரு பைசா திரும்பி வராது. அதனாலேயே அது சூதாட்டம் இல்லைன்னு வெளியே நிக்குது. வேடிக்கையா இருக்கு இல்லையா? ஜெயிக்க வாய்ப்பே இல்லாததால சட்டத்துல சிக்காது. ஆக, அரசு பார்த்துக்கும்னு இருந்துராதீங்க. இது வீட்டுல பார்க்க வேண்டிய விசயம்.

என்கிட்ட வந்த ஒரு குடும்பம். எந்த ஆட்டம்னு சொல்லப் போறதில்ல. அப்பா வளைகுடாவுல, அம்மா போன்ல யூபிஐ. பையன் 89 ரூபாய், 89 ரூபாயா எடுத்திருக்கான். சின்னத் தொகைங்கிறதால மெசேஜ் வந்தும் யாரும் பார்க்கல. மூணு மாசம் கழிச்சு அப்பா கணக்குக் கேட்டப்போ தான் வெளிச்சம். பையனை என்கிட்ட கூட்டிட்டு வந்தது காசுக்காக இல்ல, "ராத்திரி தூங்க மாட்டேங்கிறான் டாக்டர், காலையில தலைவலி"னு. தூங்காத காரணம், விடியக்காலை ரெண்டு மணிக்கு முடியுற ஏலம். லெஃப்ட் பேக் ஏலம்.

அந்தப் பையனைத் திட்டாதீங்கன்னு தான் அவங்க அம்மாகிட்ட சொன்னேன். அவன் சோம்பேறி இல்ல. இருபத்திரண்டு பேரோட வயசு, சம்பளம், பலம், பலவீனம் எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கான். அந்த மூளைக்கு வேலை கொடுக்கிற ஆட்டமா, காசு கறக்காத ஆட்டமாப் பார்த்து மாத்தி விட்டா போதும்னு பட்டது.

எல்லாருக்கும் இது நோய் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி-11 பட்டியல்ல 'விளையாட்டு அடிமைக் கோளாறு'ன்னு சேர்த்திருக்கு, 2022 ஜனவரியில இருந்து நடைமுறையில. அதுக்கு மூணு அடையாளம்: நிறுத்த நினைச்சாலும் நிறுத்த முடியாதது, சாப்பாடு படிப்பு உறவு எல்லாத்தையும் விட ஆட்டம் முக்கியமாப் போறது, கெடுதல் தெரிஞ்சும் தொடர்றது. பொதுவா ஒரு வருசம் இப்படி இருந்தா தான் அந்தப் பெயர். லீவுல நாலு மணி நேரம் ஆடினான்னு பையன் நெத்தியில முத்திரை குத்தாதீங்க.

இன்னிக்கு ராத்திரியே செய்யக் கூடியது: ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல போய், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல் கேக்குற மாதிரி மாத்துங்க. அந்தக் கடவுச்சொல் பையன் பிறந்த தேதியா இருக்கக் கூடாது. யூபிஐ பின் நம்பரை "நீயே போட்டுக்கோ தம்பி"னு சொல்லாதீங்க. பத்து மணிக்கு மேல போன் ஹால்ல சார்ஜ்ல கிடக்கட்டும், உங்க போனும் சேர்த்து தான். ஏலம் ரெண்டு மணிக்கு இருந்தா அந்த ஆள் நமக்கு வேண்டாம்.

மேல சொன்ன மூணு அடையாளமும் வீட்டுல யாருக்காவது இருக்குன்னு தோணினா 14416-க்கு அழைங்க. டெலி மனஸ், அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

மூணு பேர் வச்சுப் பின்வரிசை அமைக்கிறது எப்படின்னு கேட்ட தம்பிகளுக்கு நாளைக்குத் தனிப் பதிவு போடுறேன். இப்போ ஓ.பி-க்கு நேரமாச்சு.